அம்மாவைக் கூப்பிடும் உரிமை

குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்று தொழிற்சாலையே வந்து கைகொடுத்தது.

"இனிமே உன்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது," என்றார் சூப்பர்வைசர். "ஓட்டுப் போடலாம். பெத்தவங்களையும் கூப்பிட்டுக்கலாம்."

அம்மா போனில் அதற்காகத்தான் ஆறு வருஷமாக நச்சரித்தார். "சீக்கிரம் குடியுரிமை வாங்குப்பா. நான் அங்க வரணும்."

குளிர் தாங்காது என்றேன். கால்வலியோடு எப்படி என்றேன். அவர் விடவில்லை. ஆனால் ஒருமுறைகூட வீடியோவில் முகம் காட்டச் சொன்னதில்லை.

அம்மா வந்திறங்கிய அன்று, விமான நிலையத்தில் அதிகாரி என்னை உள்ளே அழைத்து, அம்மாவிடம், "இவர் யார்?" என்றார்.

அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"என் புள்ளைதான்."

காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார். "நீ என் புள்ளை இல்லன்னு முதல் போன்லயே தெரிஞ்சுபோச்சுப்பா. அவனை எங்க புதைச்சிருக்கே? அதைப் பாக்கத்தான் வந்தேன்."

என் அறைத்தோழன் தூக்கத்திலேயே இறந்துபோன காலையில் அவன் விசாவுக்கு இரண்டு வருஷம் மிச்சமிருந்தது. என்னுடையது முடிந்திருந்தது. செத்தது நான் என்று சொல்லி, என் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் பெயரில் வாழ்கிறேன், அவன் அம்மாவுக்கும் மகனாக.

கல்லறையில் பொறித்திருந்த என் பெயரை அவர் முந்தானையால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உனக்கு இந்தப் பேரு வச்சவளைக் கூட்டிட்டு வர ஒரு வழியும் இல்லையாப்பா?"