முதல் கோப்பை

வெள்ளவத்தையில் பத்மாவதி மாமியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவருடைய மருமகள் மயூரியின் குணமும் தெரியும். மாமியே சொல்லித் திரிந்தார்.

"பன்னெண்டரைக்குக் கோப்பையில சோத்தைப் போட்டுக்கொண்டு இருந்திடுவாள். புருஷன் புறக்கோட்டைக் கடையில பசியோட நிக்கிறான், மூண்டு மணிக்குத்தான் வருவான். அவளுக்கு அந்த எண்ணமே இல்லை."

மாமி அப்படியில்லை. வீட்டில் நிற்கிற எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார். நாற்பது வருடப் பழக்கம். ஐந்து மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, டொக்டர் மஸாஹிரா எவ்வளவோ சொல்லியும் அதை மட்டும் விடவில்லை.

இன்றைக்குக் கிளினிக்கில் டொக்டர் படம் கீறிக் காட்டினார்.

"இருதயத்துக்குள்ள எந்த நேரமும் ரத்தம்தான் அம்மா. ஆனா தன்னுடைய தேவைக்கு அதில எடுக்காது. வெளியில போற பெரிய குழாயில முதல்ல பிரியிற ரெண்டு கிளைதான் அதுக்கு. அதிலதான் உங்களுக்கு அடைப்பு வந்தது."

"அப்ப எல்லாருக்கும் முன்னம் அதுதான் சாப்பிடுதோ?"

"ஓம். அது முதல்ல சாப்பிடாட்டி மற்ற ஒருத்தருக்கும் சாப்பாடு போகாது."

"எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒண்டு இருக்கு" என்று மாமி பக்கத்தில் இருந்த மருமகளைப் பார்த்தார். மயூரி ரிப்போர்ட்டை எடுத்து டொக்டரிடம் நீட்டினாள்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். எல்லாம் நன்றாக இருந்தது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதம் மாமிக்குப் பகல் சாப்பாடே நாலு மணிக்குத்தான். சாப்பிட்ட பிறகு போடவேண்டிய மருந்துக் குளிசையும் பிந்தி, ஒருநாள் மயங்கியும் விழுந்திருந்தார். இப்போது எத்தனை மணிக்கு என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு மணிக்கு. இவள்தான் வெள்ளன விழுங்கிப்போட்டு எழும்பிடுவாளே, பிறகு நான்தானே."

மாமி ஓட்டோ பிடிக்க எழுந்தார். "பன்னெண்டாகுது, கெதியா வா. உனக்குப் பசிச்சிடும்."

அவர் போனதும் டொக்டர் சிரித்தார். "அம்மா நல்லா இருக்கிறா. மயூரி, நீங்கதான் நல்லாக் கொழுத்திட்டீங்க."

மயூரி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பகல் ரெண்டு தரம் சாப்பிடுறன், டொக்டர். மூண்டு மணிக்கு மாமி நித்திரை கொள்ளேக்க அவரோட இருந்து சாப்பிடுறதுதான் என்ர சாப்பாடு. பன்னெண்டரைக்குச் சாப்பிடுறது மாமியின்ர குளிசைக்கு."