முந்நூற்று ஒன்றாவது துளை

சுரங்கக் குழிக்குள் இருப்பவன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். என் மகன் லிசாண்ட்ரோவும் அப்படித்தான் இழுத்தான். நான் தூக்கினேன். அறுந்த கயிறு மட்டும் மேலே வந்தது. ஆறாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று ஒன்பதாம் நாள், வேலைக்கு வந்துவிட்டேன்.

மலை உச்சித் தொலைநோக்கியில் எனக்குப் பகல் வேலை. வேறு சூரியன்களின் கிரகங்களைத் தேடும் விண்கலம் ஒன்றுக்காக, இங்கே நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். நான் நம்புவதில்லை. நட்சத்திரத்துக்கு ஒன்றாக அலுமினியத் தட்டில் முந்நூறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும், ஒளியைக் கடத்தும் ஒரு கண்ணாடி இழையைக் கீழிருந்து கையால் செருகுவேன்.

இன்று முந்நூறும் செருகியபின் ஒரு துளை மிஞ்சியது. கையில் ஓர் இழையும் மிஞ்சியது.

"இழையே முந்நூறுதான் பெரியவரே. தூங்கிக்கிட்டே எண்ணினீங்களா?" என்றாள் பொறியாளர் இக்னாசியா.

"நாலாங்கிளாஸ்தான் தாயி. ஆனா எண்ணத் தெரியும். நீதான் படிச்சவளாச்சே, எண்ணிப் பாரு."

அவள் இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் முந்நூற்று ஒன்று வந்தது.

மிஞ்சிய இழையை மிஞ்சிய துளையில் செருகினேன். விரலை எடுப்பதற்குள் அது மேல்நோக்கி இரண்டு தரம் இழுபட்டது. தட்டுக்கு மேலே யாரும் இல்லை.

"கைய எடுங்க பெரியவரே, தட்ட தொலைநோக்கியில ஏத்தணும்."

நான் எடுக்கவில்லை. "பிடிச்சுக்கோடா லிசாண்ட்ரோ," என்றேன்.

மறுபடியும் இரண்டு தரம் இழுபட்டது.

அந்த இழை தலைமுடி கனம்தான் இருக்கும். பலமாக இழுத்தால் அறுந்துவிடும்.