அடக்கிய சிரிப்பு

குழந்தைவேலு அரசைக் கேலி செய்து மேடையில் பேசுகிறவர். மதுரையில் ஒருநாள் அவர் பேச்சுக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்தவர்களைப் பிடித்துக்கொண்டுபோன காலம் அது. "எங்கிட்ட சரக்கு தீந்துபோச்சு" என்று வீட்டோடு முடங்கியவர், அந்த நினைப்போடே இறந்தும் போனார்.

அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த மகள் பூங்கோதை, அன்றைய ஒலிப்பதிவைப் புதிய கருவியில் போட்டாள். மனிதர்கள் தொண்டைக்குள் அடக்கிய சத்தத்தையும் அது வெளியே கொண்டுவந்துவிடும்.

"நம்ம ஊர்ல கரண்டு கட்டாகுறதில்லய்யா. தலைவர் பேச்சக் கேட்டதும் அதுவே தலைமறைவாயிருது!" என்றது அப்பாவின் குரல்.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அடுத்தடுத்த வரிகளுக்குச் சிரிப்பு இன்னும் பெருகி, அவர் குரலையே மூழ்கடித்தது.

"ஆத்தீ! இத்தன பேரா?" என்றாள், அன்று முன்வரிசையில் இருந்த அம்மா சௌந்தரம்.

"கடைசி வரிசையிலதாம்மா சத்தம் அதிகம். அங்க யாரு உக்காந்திருந்தா?"



"போலீஸ்காரங்கடி," என்றாள் அம்மா. "யாரு சிரிக்கிறான்னு பாக்க வந்தவங்க."