யாரும் வாங்க வராத புடவைகள்

மேகலா டீச்சர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நீலப் புடவையை விரித்தார்.

நான் இஸ்திரிப் பெட்டியில் கரி அள்ளிப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

டிசம்பரில் கொடுத்த புடவைகள். ஒன்று நீலம், இன்னொன்று மாம்பழக் கலர். தேய்த்து மடித்து இரண்டு மாதமாக வண்டியிலேயே கிடந்தன. இரண்டு முறை சொல்லி அனுப்பியும் வாங்க வரவில்லை. படித்தவர்களுக்கு மறதி அதிகம் என்று விட்டுவிட்டேன்.

இன்று சனிக்கிழமை காலையில், கடை விரிக்கும் முன்பே வந்து நிற்கிறார்.

வியாழக்கிழமை முழுக்க வண்டியில் பட்டுப்புடவைதான். மறுநாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பேர்வெல் பார்ட்டி. ஒவ்வொருத்தியும் அம்மாவின் கல்யாணப் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து, கருக்கிவிடாதே என்று எனக்குப் பாடம் சொன்னாள்.

சாஜிதா மட்டும் வெறும் கையோடு வந்தாள். வெற்றிலை மண்டியில் சம்பளத்துக்கு நிற்கும் யூனுஸின் மகள்.

"தாத்தா, யாரும் வாங்க வராத புடவை ஏதாச்சும் கிடக்கா? நாளைக்கு ஒரு நாள்தான். சாயங்காலமே கொண்டாந்துடுறேன்."

"ஏன், உங்க வீட்டுல இல்லையா?"

"இருக்கு. அதைக் கட்டிட்டுப் போனா, பாத்திரம் கழுவ வந்தியாடின்னு கேப்பாளுங்க."

முடியாது என்றேன். எங்கள் தொழிலில் அது ஒன்றுதான் பாவம். பக்கத்துத் தெருவில் ஒருவன் வக்கீலின் பட்டு வேட்டியை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டான். அதே கல்யாணத்துக்கு வக்கீலும் போயிருந்தார். மறுநாள் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊரை விட்டே போனான்.

அவள் நகரவில்லை.

"ஆளுக்கு அம்பது ரூபாய்ல பார்ட்டி தாத்தா. பலூன்கூட நாங்களே வாயால ஊதுறோம். புடவையை ஊத முடியுமா, நீங்களே சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. சிரித்த வாயால் மறுபடி இல்லை என்று சொல்ல வரவில்லை.

நீலப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். அக்காவின் கறுப்பு ஜாக்கெட் இருக்கிறது, அது எதற்கும் சேரும் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தாள். முகமெல்லாம் வேர்வை. நான் கேட்காமலே எல்லாம் சொன்னாள். ஒரு கேக்கை ஐம்பத்து மூன்றாக வெட்டினார்களாம், ஆளுக்கு விரல் கனம். எலுமிச்சை ஜூஸ் தீர்ந்துபோய்த் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஆட்டமாம். இப்படி ஒரு நாள் இனிமேல் வராது தாத்தா என்றாள்.

"மேகலா மிஸ்கூட ஆடுனாங்க. உங்க தெருதானே அவங்க?"

மேகலா டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் போனதும் புடவையை உதறி, கிரீம் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி தேய்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் இந்தத் தெருமுனையில் நிற்கிறேன். எழுபது வயசுக்கு மேல் வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போவது.

டீச்சர் இப்போது தோள் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊக்கு குத்திய இரண்டு ஓட்டை.

எலி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எந்த எலியும் அவ்வளவு சின்னதாகக் கடிக்காது.

"சாஜிதாவுக்கு எடுப்பா இருந்துச்சு பெரியவரே."

கரியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"நல்ல புடவை இல்லாத புள்ளைங்க, நான் குடுத்தா ரோஷப்பட்டு வாங்க மாட்டாளுங்க. அதான் இங்கயே போட்டு வச்சேன். தேய்க்கிற தாத்தாகிட்ட யாரும் வாங்க வராத புடவை கிடக்கும், கேட்டுப் பாருங்கன்னு வகுப்புல பொதுவாச் சொல்லிவிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க வாடகைக்கு விட்டிருப்பீங்க."

விட்டிருந்தாலும் விட்டிருப்பேன்.

டீச்சர் மாம்பழக் கலர் புடவையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது மடிப்பே கலையலையே. இதை யாரும் கேக்கலையா?"

"இல்லைங்க டீச்சர். யாரும் வரலை."

வந்தாள். வியாழக்கிழமை சாஜிதா போன அரைமணி நேரத்தில், வயல் வேலைக்குப் போகிற தர்மாம்பாளின் மகள் வானதி வந்தாள். துணி கொடுக்க வந்தவர்கள் கிளம்பட்டும் என்று விளக்குக் கம்பத்தோரம் வெகுநேரம் நின்றாள். கூட்டம் கலையவில்லை. கடைசியில் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். ஒருத்திக்குக் கொடுத்தால் ஊரே வரும், சாஜிதாதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குக் கோபம். "அடுத்தவங்க துணியைக் கேக்குறியே, வெக்கமா இல்ல?" என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன். நின்றிருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் இரண்டு புடவையையும் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வானதி நெசமாவே வயித்து வலியாலதான் பார்ட்டிக்கு வரலை போல" என்றார்.