தேமல் இல்லாத படம்

"என் பொண்ணு மூஞ்சியில இருந்ததை யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சிட்டுவின் அம்மா அந்தப் படத்தை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே சரி.

ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறந்தநாளுக்கு எடுத்த படம். புது கவுன், ரெட்டைச் சடை, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஏழு வயசுப் பெண்.

"நல்லாத்தானேம்மா வந்திருக்கு?"

"அதான் கேக்கறேன். இந்தக் கன்னத்துல ரெண்டு, அந்தக் கன்னத்துல ஒண்ணு, வெள்ளை வெள்ளையா தேமல் இருக்கணுமே. எங்கே போச்சு?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "கம்ப்யூட்டர்ல லேசா டச்சப் பண்றது வழக்கம்தாம்மா..."

"போன தடவை எங்க வீட்டுக்காரர் வழுக்கையை அப்படியே பளபளன்னு பிரிண்ட் போட்டுக் குடுத்தீங்க. அதுக்கு டச்சப் இல்லையா?"

அவர் ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பொறி தட்டியது.

"யாரோ சொல்லித்தான் பண்ணியிருக்கீங்க. கூட வந்தாளே, அவதானே?"

கூட வந்தது நாத்தனார். "நீங்க ஆபீஸ் போங்க அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் வலிய வந்தபோதே இவளுக்கு ஓர் உறுத்தல். இவளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, சரி என்று விட்டுவிட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஹாலில் மாட்டப்போவது இந்தப் படம்தான். குழந்தை கன்னத்தில் வெள்ளையாக எதையாவது பார்த்து, 'குடும்பத்துக்கே இருக்குமோ' என்று அவர்கள் எழுந்து போய்விட்டால்?

முடிச்சு அவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஏன் சார், இது என்ன ஒட்டுற வியாதியா? டாக்டர் தெளிவா சொல்லிட்டார். தோல் வறண்டுபோய் வர்றது. சின்னப் பிள்ளைங்களுக்கு சகஜம். வெயில்ல சுத்தினா சுத்தியிருக்கிற தோல் கறுத்துப்போறதால இது எடுப்பா தெரியுது. சோப்பைப் போட்டுத் தேய்க்காம, குளிச்சதும் க்ரீம் தடவிட்டு வந்தா கொஞ்ச மாசத்துல தானா மறைஞ்சிடும்னார். அப்படியே வெண்புள்ளியா இருந்தாலும் அது யாருக்கும் ஒட்டாது, பயப்பட ஒண்ணுமில்லைன்னார். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்!"

அந்த டாக்டர் பேச்சில் நம்பிக்கை வராமல் அவள் இன்னும் இரண்டு டாக்டர்களிடம் போய்வந்தது வேறு விஷயம். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி அதையேதான் சொன்னார்கள்.

"விடுங்கம்மா. பழையபடியே வேற பிரிண்ட் போட்டுத் தந்துடறேன். காசு வேண்டாம்" என்றார் அவர்.

"காசு யாருக்கு வேணும்? எனக்கு உண்மை வேணும்."

போனை எடுத்தாள். நாத்தனார் எண்ணைத் தட்டி, இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, சொல்லுங்க."

"படத்துல சிட்டு கன்னத்தை வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கே, யார் பார்த்த வேலை?"

அவள் போனை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ சொல்லித்தானே அழிச்சாரு?"

"ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன். தப்புதான், மன்னிச்சிடுங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதானே?"

மெல்ல, "அப்படியே வெச்சுக்கங்க அண்ணி" என்றது குரல்.

"அத்தை அத்தைன்னு உயிரை விடுது அந்தப் பிள்ளை. அது மூஞ்சி உனக்கு அசிங்கமாப் போச்சா? கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை என் வீட்டு ஹால்ல உன் விசேஷம் எதுவும் நடக்காது. வேற இடம் பார்த்துக்கச் சொல்லு உங்க அண்ணனை."

"சரி அண்ணி."

போனை வைத்துவிட்டு அவள் ஸ்டுடியோக்காரரைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? எனக்கு அப்பவே தெரியும். நல்லவ மாதிரியே இருந்து கழுத்தறுத்துட்டா."

அவர் துணியைக் கீழே போட்டார்.

"அம்மா, சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. அந்தப் பொண்ணு சொல்லல."

"அவளே ஒத்துக்கிட்டாளே?"

"பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. 'யாரு கேட்டாலும் நான் சொன்னதா சொல்லிடுங்க, எங்க அண்ணிக்கு உண்மை தெரிஞ்சா தாங்க மாட்டாங்க'ன்னு என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டுத்தான் போனாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாங்க."

"அப்ப... வேற யாரு?"

அவர் படத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இந்தப் பாப்பாதாம்மா. ஸ்டூல்ல உக்கார வெச்சு சிரிக்கச் சொன்னேன். சிரிக்காம என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுல சொல்லுச்சு, பக்கத்துல நின்ன அவங்க அத்தைக்கும் கேட்டுச்சு: 'அங்கிள், இந்த வெள்ளையை மட்டும் எடுத்துடுங்க. எங்கம்மா என் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் அழுறாங்க. போட்டோவைப் பார்த்தாவது சிரிக்கட்டும்.'"