முகவரி இல்லாத பிரதி

பழைய பேப்பர் கடையில் ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் சந்தித்துக்கொண்டன. ஞானதுரை என்பவர் தானே எழுதி, தானே அச்சடித்து, தானே ஸ்கூட்டரில் சுமந்து திரிந்த நாவல் அது.

"என்னை அவர் கையாலேயே ஒரு தலைமையாசிரியருக்குக் கொடுத்தார்," என்றது முதல் பிரதி. "முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே போன் நம்பரும் எழுதினார். 'படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்' என்றார்."

"சொன்னாரா?"

"என்னைத் திறக்கவே இல்லை. அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒட்டிய அறுபத்துநாலாம் பக்கம் இன்னும் ஒட்டியே இருக்கிறது."

இரண்டாவது பிரதியில் அந்தப் பக்கம் பிளேடால் பதமாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

"என்னை ஒரு நர்ஸ் அம்மா புத்தகக் கண்காட்சியில் வாங்கினார். மூன்று தடவை படித்தார். எழுதியவருக்கு நாலு பக்கம் கடிதமும் எழுதினார்."

"அனுப்பினாரா?"

"எங்கே அனுப்புவது? என்னிடம் அணிந்துரை இரண்டு இருக்கிறது. நன்றியுரையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர் முகவரி மட்டும் இல்லை. அந்த அம்மா வீடு மாறும்போது தவறிப்போய் பேப்பரோடு சேர்ந்துவிட்டேன். கடிதம் என் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது."

"என்ன எழுதியிருக்கிறார்?"

"அடுத்த நாவல் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்."



"போன வாரம் ஞானதுரை மறுபடி வந்தார்," என்றது முதல் பிரதி. "'இன்னும் நேரம் கிடைக்கலை' என்றார் தலைமையாசிரியர். 'பரவாயில்லை சார், இனிமே நான் எழுதறதா இல்லை' என்று சிரித்துவிட்டுப் போனார்."

கடைக்காரர் இரண்டாவதை முதல் பிரதியின் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கடிதத்துக்கும் போன் நம்பருக்கும் நடுவே இப்போது இரண்டு அட்டைகள்தான் இருந்தன.