கண்ணாடித் தரை

பாலிஷ்காரன் கட்டிலருகே குத்துக்காலிட்டு, புதுத் தரைக்கு மாதிரியாகக் கொண்டுவந்த சொரசொரப்பான கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்புகிறான். வருகிறவர்கள் வாயைப் பிளக்கட்டும் என்று சொந்த வீட்டுத் தரையை மட்டும் முகம் தெரியத் தெரிய இழைத்த மகராசன் இவன்தான். அந்த வழுவழுப்பில்தான் மனைவி வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானாள். இப்போது முதுகெல்லாம் படுக்கைப்புண். குப்புறக் கிடக்கிறாள், தலையைத் தூக்க முடியாது, கண்ணுக்கு எட்டுவது தரை மட்டுமே. “இதைத் தொட்டுப் பாரேன், தண்ணி கொட்டினாக்கூட வழுக்காது,” என்கிறான். அவள் விரலை அசைக்கவில்லை. எதிர் ஜன்னலுக்கு வெளியே போகும் மேகம் ஒன்று தரையின் பளபளப்பில் ஊர்ந்து வந்து, அந்தத் துண்டுகளுக்கு அடியில் காணாமல் போகிறது. “இனிமே இதுல நடக்கப்போறது யாரு? இப்படியே இருந்துட்டுப் போகட்டும்,” என்கிறாள். “அதையெல்லாம் எடுத்துட்டுத் தள்ளி உக்காருங்க. வானத்தை மறைக்கிறீங்க.”